நாகர்கோவிலில் ஐந்து நாற்காலிக்கு அடிதடி

வடசேரி பேருந்து நிலையத்தில் விடிகாலையில் இறங்கியதும் ஆட்டோ ஏறினோம் பாருங்கள், அதுதான் தப்பு. சுசீந்திரத்துக்கு ஏழெட்டு கிலோமீட்டர்தான் இருக்கும். ஏறும்போது 250 என்றவர் இறங்கும்போது 400 என்றார். கேட்டால், "ரெண்டு ஆளு, ரெண்டு பையி" என்று விளக்கம் வேறு. ஏறும்போது பைகள் என்ன கண்ணுக்குத் தெரியாமலா இருந்தன? அத்தான் டாலரில் சம்பளம் வாங்குகிறவர், பேசாமல் கொடுத்துவிட்டார். எனக்குத்தான் கோயில் வாசல்வரை வயிறு எரிந்தது. நீங்கள் போனால் அண்ணா பேருந்து நிலையத்துக்குப் போய் டவுன் பஸ் பிடியுங்கள். முழுச் செலவுக் கணக்கையும் கடைசியில் தருகிறேன்.

அத்தான் இருப்பது கிளீவ்லாந்தில். அங்கே ஏரிக்கரையில் கண்ணாடிப் பிரமிடு மாதிரி ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கிறது, பெரிய இசைக்காரர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்துக் கௌரவிக்கும் இடம். கட்டடம் 1995-ல் திறந்தது. ஆட்களைச் சேர்க்க ஆரம்பித்தது 1986-லேயே. வருஷா வருஷம் இவரை ஏன் சேர்த்தாய், அவரை ஏன் விட்டாய் என்று அங்கே சண்டை நடக்குமாம். மதுரையில் பஸ் ஏறியதிலிருந்து அதே பேச்சு. திருநெல்வேலி தாண்டும்போது, "சரி, குமரி மாவட்டத்துக்குன்னு ஒண்ணு கட்டினா யாருக்கெல்லாம் இடம் கொடுப்ப? அஞ்சு நாற்காலிதான்" என்றார். பஸ் டிக்கெட் பிரிண்ட் அவுட்டைத் திருப்பிப் பேனாவை எடுத்தேன். போன வேலை என்னவோ அவருடைய ஆபீஸ் நண்பர் ஊரில் கொடை, அதாவது கோயில் திருவிழா, பார்ப்பதுதான்.

சுசீந்திரத்தில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆக, வெறும் மேலோடு இரண்டு பேர் அலங்கார மண்டபத்தில் நின்று வாக்குவாதம். அங்கே நான்கு இசைத்தூண் கொத்துகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே கல். வடக்கே இருக்கும் இரண்டில் 24 சிறு தூண்கள் வீதம், தெற்கே இரண்டில் 33 வீதம். ஒல்லியான ஒரு தூணைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். எத்தனை தலைமுறை விரல் பட்டதோ, தட்டித் தட்டி வழவழவென்று எண்ணெய் தடவிய மாதிரி இருந்தது. முதல் நாற்காலி இதைச் செதுக்கிய சிற்பிக்கு என்றேன். "பேரு தெரியாத ஆளுக்கு எப்படிடா கொடுப்பே?" என்றார் அத்தான். பெயர்ப்பலகை எழுத முடியாதாம்!

அப்புறம் சாப்பாடு. இதற்குத் தனிக் கட்டுரையே எழுதலாம். நாகர்கோவிலில் ஒரு சின்னக் கடையில் மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கும் மீன் குழம்பும். தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பு, மேலே சிவப்பாக எண்ணெய் மிதக்க, கிழங்கு மாவாக உதிர்ந்து அதில் ஊறிக்கிடந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து 230 ரூபாய். அந்த ஆட்டோக்காரருக்குக் கொடுத்ததில் நான் மட்டும் மூன்று வேளை சாப்பிட்டிருப்பேன். ரசவடையும் கேட்டோம், தீர்ந்துவிட்டதாம்.

சாப்பிடும்போதுதான் பெரிய சண்டை, கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனைப் பற்றி. 1908-ல் பக்கத்து ஒழுகினசேரியில் பிறந்தவர். நாடகக் கொட்டகையில் சோடா விற்ற பையன். "அவர் காமெடியன்டா, மியூசிக் லிஸ்ட்ல எப்படி வருவார்?" என்றார் அத்தான். எனக்கு வந்ததே கோபம். சொந்தக் குரலில் பாடியவர், சினிமாவில் உச்சத்தில் இருந்தபோதும் வில்லுப்பாட்டை விடாதவர், காந்தி கதையை வில்லில் பாடியவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வில்லுப்பாட்டுக்காரர் சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்குக் கூட்டிப்போனதும் அவர்தான். சிரிக்க வைத்தால் பாட்டுக் கணக்கில் சேராதா? பக்கத்து மேசைப் பெரியவர் கையை நக்கிக்கொண்டே, "கலைவாணர எழுதாட்டா இங்கேருந்து போவ முடியாது மக்கா" என்றார். எழுதியாயிற்று.

பத்மநாபபுரம் அரண்மனைக்கும் போனோம். கூட்டம், வெயில், மரவேலை அற்புதம், அவ்வளவுதான். ஆனால் பட்டியல் அங்கே நீண்டது. நாகர்கோவில் வடிவீஸ்வரத்தில் பிறந்து 1900-ல் மறைந்த, பக்திப் பாட்டுகள் எழுதிய நீலகண்ட சிவனை நான் சொன்னேன். முகாரி ராகத்தில் 'என்றைக்கு சிவ கிருபை' அவருடையதுதான். பாபநாசம் சிவனே அவருடைய பாட்டுகளால் ஈர்க்கப்பட்டவர். கீர்த்தனைகள் எழுதிய திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளை அத்தான் சொன்னார். அவர் திருவனந்தபுரத்துக்காரர் என்று தட்டப் பார்த்தேன். ஆனால் இங்கிருந்துதான் நவராத்திரிக்குச் சரஸ்வதி ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போகிறாள், அங்கே ஒன்பது நாளும் அவர் கீர்த்தனைகள் பாடுகிறார்கள். சாமியை அனுப்புவது நாம், நாற்காலி அவர்களுக்கா? முடிவாகாமல் பென்சில் குறி போட்டு வைத்தோம். வயலின் மேதை அ. கன்யாகுமரியையும் அத்தான் சேர்க்கப் பார்த்தார். பேர்தான் நம் ஊர், பிறந்தது ஆந்திராவில். அடித்தேன்.

ராத்திரி கொட்டாரம் பக்கத்து ஊரில் கொடை. பத்து மணிக்கு மேல்தான் வில்லு ஆரம்பித்தது. நடுவே ஒரு அம்மா உட்கார்ந்து வீசுகோலை வில் நாணில் போட்டதும் மணிகள் மொத்தமாகச் சிணுங்கின. குடக்காரர் கமுகம்பாளை மட்டையால் குடத்து வாயில் அடித்த அடி நெஞ்சுக்குள் 'தும்' என்று விழுந்தது. இசக்கியம்மன் கதை. ஒவ்வொரு வரி முடிவிலும் பின்பாட்டுக்காரர் "ஆமா" போட, என் பக்கத்தில் இருந்த பாட்டியும் தூக்கத்திலேயே "ஆமா" போட்டார்.

இடைவேளையில் கட்டங்காப்பி குடிக்கும்போது வில்லுப்பாட்டுக்காரர் பூங்கனியின் பேச்சு வந்தது. சிறுமியாக மேடையேறி எத்தனையோ கொடைகளில் விடிய விடியப் பாடியவர், இதே கொட்டாரத்தில் வறுமையில் வாழ்ந்து 2018-ல் காலமானார். சிற்பிக்கும் மேலே, முதல் நாற்காலியில் இவரை எழுதலாம் என்றேன். அத்தான் தயங்கினார். கிளீவ்லாந்து விதிப்படி முதல் இசைத்தட்டு வந்து 25 வருஷம் ஆகியிருக்க வேண்டுமாம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. விடிய விடியப் பாடிவிட்டு வில்லை அவிழ்த்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிறவர்களிடம் போய் இசைத்தட்டு கேட்கலாமா? நீலகண்ட சிவனுக்கு மட்டும் எந்தத் தட்டு இருந்தது? "அங்கேயும் முன்னோடிகள்னு தனி வரிசை உண்டு" என்று இழுத்தார். தனி வரிசை எதற்கு, திண்ணையில் உட்கார வைக்கவா?

மூன்று மணி வாக்கில் சாமியாடி எழுந்து ஆடத் தொடங்க, குடத்தின் அடி ஏறிக்கொண்டே போனது. அத்தான் பேசவே இல்லை. அப்புறம் பேனாவைக் கேட்டு வாங்கினார். சுவாதித் திருநாளை அடித்துவிட்டு மேலே பூங்கனி என்று எழுதினார், ஐந்தாவது இடத்தில் 'குடம் அடித்தவர்' என்று.

செலவுக் கணக்கு தருவதாகச் சொன்னேன் இல்லையா? அதையும் அந்தத் தாளில்தான் எழுதி வைத்திருந்தேன். அத்தான் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேற்று விமானம் ஏறிவிட்டார். ஆட்டோவுக்கு 400 போனது மட்டும் மறக்கவில்லை.