பெட்டிக்குள் தூங்கிய எஞ்சின்களை மறுபடி ஓட வைத்த கதை

பல வருஷம் பெட்டிக்குள் கிடந்த மாடல் ரயில்களை வெளியே எடுத்ததும் தண்டவாளத்தில் வைத்துக் கன்ட்ரோலரைத் திருகிப் பார்க்கத்தான் கை துறுதுறுக்கும். அந்த ஆசையை முதலில் அடக்க வேண்டியிருந்தது. உள்ளே போட்ட கிரீஸ் காலப்போக்கில் மெழுகு மாதிரி இறுகியிருக்கும். சுற்ற முடியாத மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால் அது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும். சுருள் கருகிப்போனால் பிறகு செய்வதற்கு அதிகமில்லை.

என்னிடம் இருந்தவை எச்.ஓ. அளவு ரயில்கள். அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர், 12 வோல்ட் டி.சி.யில் ஓடுபவை. மார்க்லின் என்ற ஜெர்மன் நிறுவனத்துடையவை போன்ற ஏ.சி. வகை வைத்திருப்பவர்களுக்கு மின்சாரம் எடுக்கும் முறையே வேறு. நடுவில் வரிசையாக இருக்கும் குமிழ்களை எஞ்சினின் அடியில் உள்ள நீளத் தகடு உரசிக்கொண்டு போகும். ஆனால் எண்ணெயும் அழுக்கும் எல்லாவற்றிலும் ஒரே வேலையைத்தான் காட்டுகின்றன.

முதலில் பார்த்தது பழைய டிரான்ஸ்ஃபார்மரை. வீட்டு மின்சாரத்தில் செருகும் ஒயரை லேசாக வளைத்ததுமே மேலுறை வெடித்துச் செம்பு தெரிந்தது. அதை அப்படியே ஓரம் கட்டிவிட்டேன். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. எஞ்சின் எவ்வளவு பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, மின்சாரம் தரும் கருவி புதிதாக இருக்கட்டும். புது கன்ட்ரோலரையும், வோல்ட் முதலியவற்றை அளக்கும் மல்டிமீட்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஓடாத எஞ்சினிடம் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்: மின்சாரம் மோட்டார் வரை போகிறதா? போனால் மோட்டார் சுழல வழி இருக்கிறதா? இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் மேல்கூட்டைக் கழற்றி, மோட்டாரின் இரண்டு முனைகளிலும் 9 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி மட்டும் தொட்டுப் பார்த்தேன். சில மோட்டார்கள் உடனே சுழன்றன. அவற்றில் மோட்டார் நல்லபடி இருக்கிறது, கோளாறு சக்கரத்துக்கும் மோட்டாருக்கும் நடுவில் எங்கோ. சில லேசாக முனகின. ஒன்று அசையவே இல்லை. முனகியவற்றை மேலும் சோதிக்காமல் பிரிக்க ஆரம்பித்தேன்.

நேரத்தைத் தின்றது கிரீஸ்தான். பற்சக்கரப் பற்களின் இடுக்கில் மஞ்சளும் பழுப்புமாகக் கெட்டிப்பட்டிருந்தது. புது எண்ணெயை மேலே விட்டால் இளகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். கொஞ்ச நேரம் இளகும், பிறகு பழைய பிசுக்கும் புது எண்ணெயும் சேர்ந்து பசையாகிவிடும். முழுதாக எடுப்பதே வழி. பல்குச்சியால் சுரண்டி, மிச்சத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தேன். ஆல்கஹால் 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்லது, தண்ணீர் அதிகம் கலந்தது சீக்கிரம் காயாது. பெயின்ட் தின்னரையும் நகச்சாய நீக்கியையும் பக்கத்திலேயே விடக் கூடாது, அவற்றில் இருக்கக்கூடிய அசிட்டோன் போன்றவை பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். ஆல்கஹாலும் மேல்கூட்டின் எழுத்துகளைக் கிளப்பக்கூடும் என்பதால் கூட்டைத் தனியே எடுத்து வைத்த பிறகே புட்டியைத் திறந்தேன்.

நீராவி எஞ்சின்களில் சக்கரங்களை இணைக்கும் தண்டுகள் இருக்கும். கழற்றும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன். சக்கரங்களை அச்சிலிருந்து பிடுங்கவில்லை. ஒரு பக்கத்துத் தண்டு மறுபக்கத்துத் தண்டுக்கு 90 டிகிரி தள்ளி நிற்க வேண்டும். அந்தக் கணக்கு ஒரு சக்கரத்தில் சற்றே பிசகினாலும் எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் இடறும். அழுக்கால் வந்த கோளாறைத் தீர்க்கப் போய் அதைவிடப் பெரிய கோளாறை வாங்கிக்கொள்ள வேண்டாம்.

மோட்டாருக்குள் பார்க்க வேண்டிய இடம் கம்யூட்டேட்டர். கார்பன் பிரஷ்கள் உரசும் அந்தச் செம்பு உருளை பளபளப்பாக இருக்க வேண்டும். என்னுடையவை கரி பிடித்துக் கறுத்திருந்தன. அதைவிட முக்கியம், செம்புத் துண்டுகளுக்கு நடுவே உள்ள மெல்லிய பிளவுகள். பிரஷ் தேய்ந்து விழும் கரித்தூளும் எண்ணெயும் அங்கே அடைத்துக்கொண்டால் மின்சாரம் சுருளுக்குள் போகாமல் துண்டிலிருந்து துண்டுக்கே பாய்ந்துவிடும். மோட்டார் பலமிழந்து சுடுவதற்கு அதுவும் ஒரு காரணம். கூராக்கிய பல்குச்சியால் ஒவ்வொரு பிளவையும் கீறி எடுத்து, ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் உருளையைத் துடைத்தேன். அசையவே மாட்டேன் என்றிருந்த அந்த எஞ்சின் இந்த ஒரே வேலையில் எழுந்துவிட்டது. பிரஷ்ஷை அழுத்தும் ஸ்பிரிங் கண்ணுக்குத் தெரியாமல் பறக்கக்கூடியது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுக் கழற்றினால் தேடி அலைய வேண்டாம்.

ஆர்மேச்சரை, அதாவது மோட்டாரின் நடுவில் சுழலும் சுருள் சுற்றிய இரும்புப் பகுதியை, மட்டும் வெளியே எடுக்கவில்லை. பழைய மோட்டார்கள் பலவற்றில் இருப்பது ஆல்னிகோ என்ற உலோகக் கலவைக் காந்தம். நடுவிலுள்ள இரும்பை உருவினால் அதன் பலம் ஓரளவு குறைந்துபோகும். பலம் குறைந்த காந்தம் உள்ள மோட்டார் சுமை இல்லாதபோது வேகமாகச் சுற்றும், பெட்டிகளை மாட்டினால் திணறும், தொட்டால் சுடும். பின்னால் வந்த ஃபெரைட், நியோடிமியம் காந்தங்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

எண்ணெய் விடுவதில் தாராளம் கூடாது. பிளாஸ்டிக்குக்குக் கெடுதல் செய்யாத லேசான எண்ணெயை ஊசிமுனையால் தொட்டு, மோட்டார் தண்டின் இரு முனைகளிலும் ஒவ்வொரு பொட்டு. அச்சுகளுக்கும் அதே அளவு. பற்சக்கரங்களுக்கு மட்டும் மெல்லிய கிரீஸ். கூடுதலாக விட்ட எண்ணெய் சுழற்சியில் தெறித்துக் கம்யூட்டேட்டருக்குப் போகும், சக்கரத்துக்கும் இறங்கும். இத்தனை நேரம் எந்த அழுக்கோடு மல்லுக்கட்டினோமோ அதுவே திரும்ப உருவாகும்.

சக்கரம் துடைக்க ஒரு நல்ல வழி உண்டு. ஆல்கஹாலில் நனைத்த துணியைத் தண்டவாளத்தின் குறுக்கே விரித்து, எஞ்சினின் பாதிச் சக்கரங்கள் துணியிலும் மீதி தண்டவாளத்திலும் நிற்கும்படி பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுத்தால், துணிமேல் உள்ளவை சுழன்று தாமே துடைத்துக்கொள்ளும். துணியில் கறுப்புக் கோடுகள் விழுவதைப் பார்ப்பதில் ஒரு அற்ப சந்தோஷம். பிறகு திருப்பி வைத்து மற்ற பாதி. ஆனால் சில டீசல் எஞ்சின்கள் முன் சக்கரங்களில் ஒரு தண்டவாளத்திலிருந்தும் பின் சக்கரங்களில் மற்றதிலிருந்தும் மட்டுமே மின்சாரம் எடுக்கும். அவற்றைத் தலைகீழாகப் பிடித்து ஒயர் தொட்டுத்தான் சுழற்ற வேண்டும். சக்கரத்தின் பின்புறம் உரசி மின்சாரம் எடுக்கும் மெல்லிய தகடுகளையும் அப்போதே பார்த்துவிடலாம். பாதிக்கு மேல் வளைந்து விலகிக் காற்றில் நின்றன. சாமணத்தால் நெருக்கி, சக்கரம் பக்கவாட்டில் அசைந்தாலும் தொடுகிறதா என்று பார்த்தேன். ரொம்ப அழுத்தினால் அதுவே பிரேக் ஆகிவிடும்.

தண்டவாளத்தில் இரண்டு வகை இருந்தது. பித்தளையில் களிம்பு ஏறியிருந்தது, அந்தக் களிம்பு மின்சாரத்தைத் தடுக்கும். நிக்கல் சில்வர் என்ற பெயரில் வருவதில் வெள்ளி துளியும் இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. அது அவ்வளவு சீக்கிரம் மோசமாவதில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் இரண்டும் ஒரு நிமிஷத்தில் மின்னும், ஆனால் விழுந்த கீறல்களுக்குள் அழுக்கு மறுபடி வேகமாகக் குடியேறும். தண்டவாளம் துடைக்கும் ரப்பரால் லேசாகத் தேய்த்து ஆல்கஹாலால் துடைத்தேன். பித்தளை மட்டும் கொஞ்ச நாளில் திரும்பவும் மங்கியது, அதை ஓரத்துக் கிளைப்பாதைக்கு ஒதுக்கிவிட்டேன்.

அப்படியும் வட்டத்தின் ஒரு பக்கம் ரயில் தளர்ந்தது. எஞ்சினை ஓடவிட்டே மல்டிமீட்டரால் அளந்தால், தூரத்து முனையில் வோல்ட் தெளிவாகக் குறைவு. இரண்டு தண்டவாளங்களை இணைக்கும் தகடுகள் தளர்ந்தும் உள்ளே கறுத்தும் இருந்தன. அவற்றை மாற்றி, எதிர்ப்பக்கத்திலும் ஒரு ஜோடி ஒயர் கொண்டுபோய்ச் சால்டர் வைத்ததும் சரியானது.

எல்லாமே பிழைக்கவில்லை. ஒன்றில் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று சத்தம். அச்சில் இறுகியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் பற்சக்கரம் விரிசல் விட்டிருந்தது. ஒட்டினால் நிற்காது, மாற்றத்தான் வேண்டும். இன்னொன்றின் உலோக அடிச்சட்டம் வீங்கி, முறுக்கி, தொட்ட இடத்தில் உதிர்ந்தது. துத்தநாக வார்ப்பில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்திருந்தால் உலோகம் உள்ளிருந்தே அரித்துக்கொண்டு போகும். 1929-ல் 99.99 சதவீதத் தூய துத்தநாகத்தை வைத்து ஜாமக் என்ற துத்தநாகக் கலவைகளை உருவாக்கியதே இதைத் தவிர்க்கத்தான். ஆனால் வார்ப்புக் கூடத்தில் கவனக்குறைவாகக் கலந்துவிட்டால் பிற்காலத் தயாரிப்புகளிலும் வரும். மருந்து கிடையாது. மோட்டாரையும் சக்கரங்களையும் உதிரிக்கு எடுத்துக்கொண்டு சட்டத்தை விட்டுவிட்டேன். இழுவைச் சக்கரங்களில் மாட்டியிருந்த ரப்பர் வளையங்களும் காய்ந்து உடைந்தன. அளவு பார்த்துப் புதியவை போட்டேன்.

கடைசியாக ஒவ்வொரு எஞ்சினையும் பெட்டி மாட்டாமல் நடுத்தர வேகத்தில் முன்னுக்கு அரை மணி, பின்னுக்கு அரை மணி ஓடவிட்டேன். பிரஷ்கள் உருளையின் வளைவுக்கு ஏற்பப் பதிய இது வேண்டும். அவ்வப்போது மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு இருக்கலாம், விரல் வைக்க முடியாத சூடு கூடாது. மூன்று துருவ (மூன்று சுருள்) ஆர்மேச்சர் உள்ளவை மெதுவாகப் போகும்போது கொஞ்சம் தத்தித்தான் போகின்றன. ஐந்து துருவத்தின் நளினத்தை அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது.

சின்ன நீராவி எஞ்சின் ஒன்று மட்டும் பாதை பிரியும் இடத்துக்கு வந்தால் நின்றுகொண்டே இருந்தது. அழுக்கு அல்ல. தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் அந்த முனை பிளாஸ்டிக், அதற்கு மின்சாரம் கிடையாது. குட்டையான எஞ்சினின் சக்கரங்கள் அதைத் தாண்டி எட்டவில்லை. பின்னால் வரும் நிலக்கரி வண்டியின் சக்கரங்களிலும் பாஸ்பர் வெண்கலத் தகடுகளை உரச வைத்து, மெல்லிய ஒயரால் எஞ்சினோடு இணைத்தேன். இப்போது நிற்காமல் கடக்கிறது.