தையல் இல்லாத வைத்தியம்

கர்ப்பப்பைக் கட்டிக்கு வைத்தியம் முடிந்த மூன்றாம் நாள் காலையில் மாமியார் அரிசியைக் களைந்து வைத்துவிட்டு, "உலை வைக்கிறயா கண்ணு?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வயிற்றில் கிழிசல் இல்லை, தையல் இல்லை. தொடை இடுக்கில் கொசு கடித்தது போல ஒரு புள்ளி, அவ்வளவுதான். அதைப் பார்க்கையில் எனக்கே சந்தேகம், நான் நடிக்கிறேனோ என்று.

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம். எனக்கு 43 வயது. இரண்டு வருடமாக மாதவிலக்கு எட்டு ஒன்பது நாள் நீண்டது. கட்டி கட்டியாகப் போகும். ஹீமோகுளோபின் 7.4க்கு இறங்கி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பாலக்காட்டில் ஸ்கேன் பார்த்த டாக்டர் "முழ உண்டு" என்றார். முழக்கணக்கில் எதுவோ இருக்கிறது என்று நடுங்கிப்போனேன். மலையாளத்தில் முழ என்றால் கட்டி. கர்ப்பப்பையில் 8 சென்டிமீட்டர் பைப்ராய்டு, அதாவது தசைக்கட்டி.

கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார். இரண்டு பெற்றாயிற்று, இனி அது எதற்கு என்று வீட்டிலும் அதே பேச்சு. எனக்கு மனசு ஒப்பவில்லை. காய்ப்பு நின்றதும் வெட்டிப் போட அது என்ன தென்னையா?

கோயம்புத்தூரில் இருக்கும் நாத்தனார்தான், ரத்தக்குழாயை அடைத்துக் கட்டியைச் சுருக்கும் எம்போலைசேஷன் பற்றிச் சொன்னார். வேலந்தாவளம் வழியாகப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தோம். இதைச் செய்பவர் மகப்பேறு மருத்துவர் அல்ல, ரேடியாலஜி டாக்டர். கட்டிக்குச் சோறு போடுவதே கர்ப்பப்பைக்குப் போகும் இரண்டு ரத்தக்குழாய்கள்தான், அதை அடைத்தால் கட்டி பட்டினியில் சுருங்கும், கர்ப்பப்பைக்கு வேறு கிளைகளிலிருந்து ரத்தம் வந்துவிடும் என்று படம் போட்டுக் காட்டினார். பாரிசில் ரவினா என்ற டாக்டர், ஆபரேஷனில் ரத்தம் அதிகம் போகாமலிருக்க முன்கூட்டியே இப்படி அடைத்துப் பார்த்தாராம். பலருக்கு ஆபரேஷனே தேவைப்படாமல் போனதை 1995இல் எழுதினாராம். இனிமேல் பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கு இதை யோசித்துத்தான் செய்வார்கள், 45 தாண்டியவர்களுக்கு மாதவிலக்கே நின்றுபோகவும் கூடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

எம்ஆர்ஐ எடுத்து, ரத்தம் ஏற இரும்புச்சத்து டிரிப் போட்டு, பிறகுதான் தேதி கொடுத்தார்கள். முழு மயக்கம் இல்லை. இடுக்கில் மரத்துப்போக ஒரு ஊசி. அந்த வழியாக மெல்லிய குழாய். சிலருக்கு மணிக்கட்டு வழியாகவும் செய்வார்களாம். சாயம் ஏற்றும்போது அடிவயிறு வெந்நீர் ஊற்றியது போலச் சூடானது. பிறகு குழாய் வழியாக ரத்தக்குழாயை அடைக்க மணல் போன்ற துணுக்குகள், ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் சொச்சம், முதலில் ஒரு பக்கம், அப்புறம் மறுபக்கம். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. இவ்வளவுதானா என்று சிரித்துக்கொண்டே வார்டுக்கு வந்தேன்.

அந்தச் சிரிப்பு அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. காலை மடக்காமல் ஆறு மணி நேரம் படுக்கச் சொல்லியிருந்தார்கள். அடிவயிற்றைத் துணி பிழிவது போல முறுக்கியது. இரண்டு பிரசவ வலி கண்டவள் நான். அதில் இடைவெளி விட்டு விட்டு வலிக்கும், இதில் இடைவெளியே கிடையாது. ஊசி போடப் போடக் கொஞ்சம் தணிந்தது, கூடவே வாந்தி. ரத்தம் போகாத சதை வலிக்கத்தான் செய்யும், கட்டி சாகிறது என்று அர்த்தம் என்றார் நர்ஸ். அதை முதல் நாளே சொல்லியிருந்தால் இந்தப் பயம் பயந்திருக்க மாட்டேன்.

இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் ஆங்கிலத்தில் ஒரு தாள். உடம்பு எப்படி இருக்கும் என்று என் வீட்டுக்காரரிடமோ மாமியாரிடமோ யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. என் ஆற்றாமை அதுதான். லேசான காய்ச்சல், குமட்டல், எலும்பை உருவியெடுத்தது போல அசதி, எல்லாம் ஒரு வாரம் இருந்தது. தலை சீவக்கூடக் கை தூக்க முடியவில்லை. போனில் கேட்டபோது இது வழக்கம்தான் என்றார் டாக்டர். நாள் கழித்துக் காய்ச்சல் ஏறினாலோ, நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலோ மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வரச் சொன்னார்.

பன்னிரண்டாம் நாள்தான் அடுப்படிக்குப் போனேன். அதுவரை மாமியாரே சமைத்தார், முணுமுணுப்போடு. மூன்றாம் மாதம் குளியலறையில் சாம்பல் நிறத்தில் சதைத்துண்டு ஒன்று விழுந்தது. உள்பக்கமாகத் துருத்திய கட்டி சிலருக்கு இப்படி வெளியேறுமாம். ஸ்கேன் எடுத்து, மிச்சம் தங்கவில்லை, சீழ் இல்லை என்று சொன்ன பிறகுதான் உயிர் வந்தது.

ஆறாம் மாதம் கட்டி 6.2 சென்டிமீட்டர். இவ்வளவுதானா என்று முகம் சுளித்தேன். உருண்டை அம்மா அது, குறுக்களவு இவ்வளவு குறைந்தாலே பருமனில் பாதிக்குமேல் போய்விட்டது என்றார் டாக்டர். மாதவிலக்கு ஐந்து நாளில் நிற்கிறது, ஹீமோகுளோபின் 11.6.

போன வாரம் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் விவரம் கேட்டு வந்தார். எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு ஆகும் என்று கேட்டுக்கொண்டே போனார். "அதெல்லாம் சொல்றேன்க்கா, பத்து நாளைக்குச் சமைக்க வீட்ல யார் இருக்காங்க?" என்றேன்.