பகல் தூக்கமும் ஒரு ஃபெலனி வழக்கும்

2022 செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமைப் பிற்பகல், கலிபோர்னியாவின் விரிகுடாப் பகுதியிலுள்ள எங்கள் வீட்டின் பின்கதவுக் கண்ணாடியை உடைத்து நுழைந்தவர்கள், கீழ்த்தள அலமாரியிலிருந்த 23 பவுன் நகையை எடுத்துச் சென்றார்கள். கணவரும் நானும் வேலையில் இருந்தோம். கும்பகோணத்திலிருந்து எங்களுடன் தங்க வந்திருந்த என் மாமியார் மாடியறையில் தூங்கிக்கொண்டிருந்தார். ஓசை கேட்டு எழுந்து சன்னல் வழியே பார்த்தபோது, ஆரஞ்சு நிறக் கையில்லாச் சட்டை அணிந்த ஒருவன் பின்வாசல் வழியே வெளியே போவதைக் கண்டிருக்கிறார். கேஸ் இணைப்பைப் பார்க்க வந்தவன் என்று நினைத்து மறுபடியும் படுத்துவிட்டார்.

அந்தத் தூக்கம்தான் பின்னர் வழக்கின் மையமாகும் என்று அன்று எங்களுக்குத் தெரியாது.

இரண்டு மாதங்கள் கழித்து, வேறொரு திருட்டின் தொடர்பில் இருவர் பிடிபட்டார்கள். அவர்களுடைய காரில் எங்கள் வளையல்களில் இரண்டும் ஒரு சங்கிலியும் கிடைத்தன. காவல்துறையே விசாரித்துக் காவல்துறையே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வதைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால், இனி எல்லாம் வழக்கை விசாரித்த துப்பறியும் அதிகாரியின் கையில் என்றே நினைத்தேன். அது தவறு. அவர் கோப்பைக் கவுண்டியின், அதாவது நம் மாவட்டம் போன்ற பிரிவின், டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி அலுவலகத்துக்கு அனுப்புவதோடு சரி; குற்றம் சாட்டுவதா, எந்தப் பிரிவில் சாட்டுவது என்பதை முடிவு செய்பவர் அங்குள்ள அரசு வழக்கறிஞர். அந்த அலுவலகத்தின் தலைவரைக் கவுண்டி மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். காவலில் உள்ளவரை ஞாயிறும் விடுமுறையும் நீங்கலாக 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பதால் முடிவும் விரைவாகவே வந்தது: முதல் நிலை வீடுபுகுந்து திருட்டு, 950 டாலருக்கு மேற்பட்ட பெருந்திருட்டு. இரண்டுமே ஃபெலனி, அதாவது ஓராண்டுக்கு மேற்பட்ட சிறைத் தண்டனைக்கு இடமுள்ள கடுங்குற்றங்கள். முதலாவதற்கு 2, 4 அல்லது 6 ஆண்டுகள்.

வழக்கின் தலைப்பைக் கண்டபோது கொஞ்சம் திகைப்பாகவே இருந்தது. 'கலிபோர்னியா மாநில மக்கள் எதிர்' என்று தொடங்கி, இரண்டு பெயர்கள். எங்கள் பெயர் எங்கும் இல்லை. எங்களிடம் பேச நியமிக்கப்பட்டிருந்த பெண் உதவியாளர் இதைப் பொறுமையாக விளக்கினார்: வழக்கு மாநிலத்தினுடையது, நாங்கள் சாட்சிகள், ஆனால் 2008இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய மார்சியின் சட்டப்படி, ஒவ்வொரு கட்டத்திலும் தகவல் பெறவும், தண்டனைக்கு முன் பேசவும், இழப்பீடு கேட்கவும் எங்களுக்கு உரிமை உண்டு. வழக்கைத் திரும்பப் பெறும் உரிமை மட்டும் கிடையாது.

இந்தக் கடைசி வாக்கியம் மாமியாருக்குப் புரியவேயில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்களில் இளையவனுக்கு 20 வயது. "சின்னப் பையன்மா. நகை போனது போனதுதான். வாபஸ் வாங்கிடேன்," என்றார். "வாங்க முடியாது அத்தை, அது நம்ம கேஸ் இல்லை," என்று சொன்னபோது, நான் ஏதோ மறைக்கிறேன் என்பதுபோல் பார்த்தார்.

கைதுக்குப் பின் நடக்கும் பூர்வாங்க விசாரணை, குற்றத்தை நிரூபிப்பதற்கானதல்ல. வழக்கைத் தொடரப் போதிய முகாந்திரம் உண்டா என்று பார்ப்பதற்கு மட்டுமே. சட்டப்படி பத்து நீதிமன்ற நாட்களுக்குள் நடக்க வேண்டிய அது, எதிர்த்தரப்பு அந்தக் கெடுவை விட்டுக்கொடுத்ததால் மூன்று முறை தள்ளிப்போனது. ஒவ்வொரு முறையும் விடுப்பு எடுத்து, வராந்தாவின் மர பெஞ்சில் உட்கார்ந்து, மதியம் திரும்பி வந்தேன். நான்காம் முறை விசாரணை நடந்தது. நான் உள்ளே அழைக்கப்படவே இல்லை. அனுபவமுள்ள காவல் அதிகாரி, பாதிக்கப்பட்டவர் சொன்னதைத் தாமே எடுத்துரைக்க 1990இல் வந்த சட்டத்திருத்தம் இடமளிக்கிறதாம். முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் நான்கு நாள் விடுப்பு மிஞ்சியிருக்கும்.

மாமியாரின் சாட்சியம் அப்படித் தீரவில்லை. வீடுபுகும்போது உள்ளே கூட்டாளியல்லாத வேறொருவர் இருந்தால் கலிபோர்னியாவில் அது வன்முறைக் குற்றமாகக் கருதப்படும். தண்டனையில் பெரும்பகுதியைச் சிறையில் கழித்தாக வேண்டும். ஆகவே அவர் அந்த நேரம் வீட்டுக்குள் இருந்தாரா என்பதே கேள்வியாயிற்று. அவருடைய ஆறு மாதத் தங்கல் அனுமதி பிப்ரவரியில் முடிய இருந்தது. வழக்கோ அடுத்த கோடை வரை நீளும்போல் தெரிந்தது. மாநிலத்தை விட்டுப் போகவிருக்கும் சாட்சியை முன்கூட்டியே விசாரித்து ஒளிப்பதிவு செய்து வைத்துக்கொள்ளும் வழி ஒன்று இருக்கிறது. அரசு வழக்கறிஞர் அதற்கு விண்ணப்பித்தார். ஜனவரிக் கடைசியில் நாள் குறித்தார்கள்.

முந்தைய நாள் அரசு வழக்கறிஞர் எங்களுக்குச் சொன்ன அறிவுரை இவ்வளவுதான்: கேட்டதற்கு மட்டும் பதில், ஊகம் வேண்டாம், தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் தவறில்லை. அத்தை அதை என்னைவிட நன்றாகவே பிடித்துக்கொண்டார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நீதிமன்றமே ஏற்பாடு செய்திருந்தது. அந்த ஆள் எவ்வளவு தூரத்தில் இருந்தான் என்று கேட்டதற்கு, "எங்க வீட்டுக் கொல்லைக் கதவுலேர்ந்து கிணத்தடி வரைக்கும் இருக்கும்," என்றார் அவர். மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்ல, நீதிபதி அடிக்கணக்கில் கேட்க, கடைசியில் நீதிமன்ற அறையின் அகலத்தைக் கைகாட்டித் தீர்த்தார்கள். அன்று அவர் நடைப்பயிற்சிக்குப் போய்விட்டு வந்தபின்தான் உடைந்த கண்ணாடியைப் பார்த்தாரோ என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நான்கு விதமாகக் கேட்டுப் பார்த்தார். "சாப்பிட்டேன், சீரியல் பார்த்தேன், படுத்தேன்," என்பதில் அவர் அசையவில்லை. ஆனால் எதிரே அமர்ந்திருந்த இருவரில் அவன் யார் என்று கேட்டபோது, "தொப்பி போட்டிருந்தான், முகம் தெரியலை," என்று சொல்லிவிட்டார். அரசு வழக்கறிஞரின் முகம் மாறவில்லை.

திரும்பும் வழியில் காரில் கேட்டார்: "நான் தூங்கினதுக்காக அவனுக்கு ஜாஸ்தி தண்டனையா?" சட்டத்தின் நியாயம் எனக்குப் புரிந்துதான் இருந்தது, அவர் விழித்துக்கொண்டு படியிறங்கி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் அதன் அடிப்படை. ஆயினும் பதில் சொல்ல வரவில்லை.

மே மாதம் அரசு வழக்கறிஞர் தொலைபேசியில் அழைத்து, உடன்பாடு ஒன்று உருவாகியிருப்பதாகச் சொன்னார். இளையவன் முதல் நிலைத் திருட்டுக் குற்றச்சாட்டை எதிர்க்காமல் ஏற்பான், 'வீட்டில் ஆள் இருந்தார்' என்ற சேர்க்கை நீக்கப்படும், 2 ஆண்டுகள். என் கருத்தைக் கேட்டார், ஒப்புதலைக் கேட்கவில்லை. தண்டனை நாளில் நான் ஒரு பக்கம் எழுதி வாசித்தேன். மற்றவனின் வழக்கு இன்னும் எளிதாகவே முடிந்தது.

இழப்பீட்டு விசாரணை தனிக்கதை. எங்கள் காப்பீட்டில் நகைத் திருட்டுக்கு உச்சவரம்பு 1,500 டாலர்தான். நீதிமன்றமோ அதே போன்ற பொருளை மீண்டும் வாங்க ஆகும் விலையைக் கணக்கிடுகிறது. கும்பகோணத்துக் கடைக்காரர் கையால் எழுதிக் கொடுத்த பழைய ரசீதுகள், கல்யாணப் படங்கள் எல்லாவற்றையும் அடுக்கினேன். செய்கூலியை விளக்குவது சுலபமாக இருந்தது. வாங்குகிறவரிடம் இல்லாத தங்கத்துக்குச் சேதாரம் என்று ஏன் பணம் வாங்குகிறார்கள் என்பதை அரசு வழக்கறிஞருக்கு விளக்க அரை மணி நேரம் பிடித்தது. எனக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை என்பது வேறு விஷயம். ஏறக்குறைய 10,000 டாலருக்கு உத்தரவு கிடைத்தது, ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வட்டியுடன். சிறைக் கூலியில் ஒரு பகுதியைப் பிடித்து அனுப்புகிறார்கள். முதல் காசோலை 11 டாலர் சொச்சம்.

வளையல்களும் சங்கிலியும் சாட்சிப் பொருள் அறையிலிருந்து இலக்கமிட்ட காகித உறையில் திரும்பி வந்தன. சிறையிலிருந்து இளையவன் விடுதலையாகும்போது தகவல் வேண்டும் என்று பதிவு செய்திருந்தேன். 2024 தொடக்கத்தில் கடிதம் வந்தது. கும்பகோணத்துக்கு அழைத்து அத்தையிடம் சொன்னேன்.

"வேலை ஏதாவது கிடைச்சுதாமா?" என்று கேட்டார். கடிதத்தில் அது இல்லை.