கேஸ் அடிக்க முதல்

கராஜுக்கு வாறவங்கள்ல முக்காவாசிப் பேர் வாகனத்தால இறங்கின உடனே சொல்ற வசனம் ஒண்டுதான், "தம்பி ஏசி கூல் இல்ல, கேஸ் அடிச்சு விடுங்க." என்ன வருத்தமெண்டு பாக்க முதலே மருந்துத் துண்டையும் அவங்களே எழுதிக் கொண்டு வந்துருவாங்க. நான் சிரிக்கிறல்ல, ஏனெண்டா நானும் ஒரு காலத்தில அப்படித்தான் வேல செஞ்சன். அந்தப் பழக்கத்த விட வெச்சது துபாய்ல ஒரு சிவப்புக் கார்.

2012ல போனன். மட்டக்களப்பு ஊறணிப் பக்கம் ஒரு கராஜ்ல வேன், லொறி ஏசி பழகின கை, துபாய்ல அல்கூஸ் எண்ட இடத்தில போய் இறங்கினா அங்க லைன்ல நிக்கிறதெல்லாம் நம்ம ஊர்ல போஸ்டர்ல மட்டும் கண்ட சாமான், ரெண்டு சீட்டு, இடுப்பளவு உயரம், குனிஞ்சு உள்ள போகவே ஒரு பயிற்சி வேணும். எங்கட ஃபோர்மேன் ஒரு மலையாளி, எல்லாரும் சேட்டன் எண்டுதான் கூப்பிடுவோம். ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 15 மட்டும் மத்தியான வெயில்ல வெளிவேல செய்யக்கூடாதெண்டு அங்க சட்டம் இருக்கு, ஆனா எங்களுக்கு மேல தகரம் இருக்குதானே, அது "வெளி" இல்லயாம். தகரத்துக்குக் கீழ நிண்டு பாத்தவனுக்குத் தெரியும் எது வெளி எது உள் எண்டு.

நான் போகக்குள்ள நினைச்சது, கோடிக்கணக்கில விலை போற கார்ல ஏசி அப்படியே ஐஸ் மாதிரி இருக்குமெண்டு. அப்படி இல்ல. அந்த மாதிரிக் கார்ல குளிர் எடுக்கிறதுதான் சரியான கஷ்டம், முன் கண்ணாடி படுத்துக் கிடக்கும், வெயில் நேரா டாஷ்போட்டுலயும் தொடையிலயும் விழும், உள்ளுக்க கறுப்பு லெதர், முதுகுக்குப் பின்னால ஒரு சாண் தள்ளி இஞ்சின், அந்த இஞ்சின்ல கொதிச்ச தண்ணி முன்னால இருக்கிற ரேடியேட்டருக்குப் போற குழாய் சீட்டு ரெண்டுக்கும் கீழால ஓடும். முன்னால வெயில் பின்னால அடுப்பு, நடுவுல சின்னதா ஒரு கூலிங் கொயில்.

ஃபெராரி எஃப்40 எண்டு 1987ல வந்த கார், பாரம் குறைக்க வேணுமெண்டு கார்ப்பெட் இல்ல, ரேடியோ இல்ல, கதவு திறக்கிற கைபிடிக்குப் பதிலா ஒரு கயிறு. ஆனா ஏசி மட்டும் இருந்துது. போர்ஷ 911 ஆர் எண்டு 2016ல விட்டதுல ஏசியையும் கழட்டிட்டாங்க, வேணுமெண்டு கேட்டா மேலதிகக் காசில்லாம பூட்டித் தருவாங்க, துபாய்ல கேக்காம வாங்கினவன நான் காணல்ல. புகாட்டி வெய்ரோன்ல 10 ரேடியேட்டர், அதுல ஒண்டு ஏசிக்கெண்டே. குளிர் எண்டு நாம சொல்றது உள்ளுக்க கிடக்கிற சூட்ட தூக்கி வெளிய கொட்டுறது மட்டும்தான், கொட்ட இடமில்லாட்டி எவ்வளவு கேஸ் இருந்தும் பிரயோசனமில்ல. இத நான் புத்தகத்தில படிக்கல்ல, அடி வாங்கிப் படிச்சன்.

போய் மூணாவது மாசம். அந்த சிவப்புக் கார் வந்துது, பேர் வேணாம். கம்ப்ளெயின்ட், ஓடினா கூல், சிக்னல்ல நிண்டா சூடு. இந்த ஒரு வசனத்திலயே விடை இருக்கு, ஆனா எனக்கு அப்ப காது கேக்கல்ல. பிரஷர் பாக்கிற கேஜ் கொழுவினன், கூல் குறைவெண்டா கேஸ் குறைவெண்டு முடிவெடுத்து 150 கிராம் போல ஏத்திட்டன். மொத்தமே முக்கால் கிலோவும் பிடிக்காத சிஸ்டம் அது. அடுத்த நாள் கார் தூக்குற லொறியில திரும்பி வந்துது, இப்ப கேஸ அமுக்கித் தள்ளுற கம்ப்ரஸரே தொடந்து ஓடுதில்ல, போட்டுப் போட்டு கட் ஆகுது. கேஸ் கூடினா, சூட்ட வெளிய விடுற கொண்டென்சர் பாதி திரவத்தால நிரம்பிடும், சூடு விட இடம் சுருங்கும், பிரஷர் ஏறும், சென்சர் பயந்து கம்ப்ரஸர நிப்பாட்டிடும். சேட்டன் ஏசுவாரெண்டு பாத்தா ஒண்டும் சொல்லல்ல, "முன் பம்பர கழட்டு" எண்டு மட்டும் சொல்லிட்டு தேத்தண்ணி குடிக்கப் போயிட்டாரு.

மூணு மணித்தியாலம் போனது பம்பருக்கு. சில்லு மறைவுக்குள்ள ஒரு ஸ்குரூ, அதக் காணாம நான் பட்ட பாடு. கழட்டிப் பாத்தா கொண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில ஒரு மெத்த, உண்மையா மெத்ததான், மண், தும்பு, பூச்சிச் செட்டை, சிகரட் பஞ்சு, ஷொப்பிங் பேக்ல கிழிஞ்ச ஒரு துண்டு, எல்லாம் அமுங்கி கம்பளி மாதிரி. ஓடக்குள்ள வாற காத்து அதுக்குள்ளாலயும் கொஞ்சம் புகுந்துரும், நிண்டா ஃபேனால மட்டும் இழுக்க ஏலாது, அதுதான் சிக்னல்ல சூடு. நிலத்தோட ஒட்டிப் போற கார், அந்த வாய் ரோட்டுக் குப்பைய வாரித்தானே எடுக்கும். கையால உரிச்செடுத்தன், மறுகா பின்பக்கத்தால மெதுவா தண்ணி விட்டுக் கழுவினன் (பிரஷர் வோஷ் அடிச்சா அந்த மெல்லிய தகடெல்லாம் மடிஞ்சு போகும், அதையும் நான் பிறகொரு நாள் செஞ்சு ஏச்சு வாங்கினன்தான்). இருந்த கேஸ முழுக்க எடுத்து, வெக்யூம் போட்டு, பொனட்டுக்குக் கீழ ஸ்டிக்கர்ல இருக்கிற அளவ தராசு வெச்சு ஏத்தினம். ஒரு கிராமும் கூட இல்ல. சிக்னல் சிக்னலா சுத்தி வந்தம், சேட்டன் ரெண்டு கையையும் கக்கத்துக்குள்ள வெச்சுக்கொண்டு இருந்தாரு.

சொகுசுச் சாமான்ல வாற வருத்தமெல்லாம் பாதி இப்படித்தான், சின்ன விசயம். காத்து வாற சீட்டு ஒண்டு, லெதர்ல ஊசி ஓட்டையா இருக்கும், உள்ளுக்க ஒரு ஃபேன். காத்து வருதில்லயாம். கழட்டினா ஃபேன் நல்லா சுத்துது. பாத்தா அந்த வீட்டு டிரைவர் பாவம், மாசா மாசம் லெதர் கிரீம் பூசிப் பூசி ஓட்டையெல்லாம் அடைஞ்சு போச்சு. பல்லுக்குத்திற குச்சியால ஒவ்வொரு ஓட்டையா நோண்டினன், ஒண்டர நாள். மெர்சிடிஸ் 2004ல எஸ்எல்கே கார்ல கழுத்துக்கு சூட்டுக் காத்து அடிக்கிற வேல ஒண்டு கொண்டு வந்தாங்க, கூரையத் திறந்து ஓடக்குள்ள குளிராம இருக்க. துபாய்ல ஜனவரியில ஒராள் அது வேல செய்யல்ல எண்டு கோவத்தோட வந்தாரு. வீட்ட கோல் எடுத்து அம்மாட்ட சொன்னன், "கழுத்துக்கு சூடா? இஞ்ச கச்சான் வந்தா சூட்டுக் காத்து சும்மா அடிக்குமே மனே" எண்டா.

2019ல ஊருக்கு வந்து மட்டக்களப்பு கல்லடியில சின்னதா கராஜ் போட்டன். அடுத்த வருசம் இலங்கையில வாகன இறக்குமதிய நிப்பாட்ட, 2025 வரைக்கும் புது வாகனமில்ல, பழசையே வெச்சு ஓட்டினாங்க, அதால எனக்கு வேல குறையல்ல. இஞ்ச வருத்தம் வேற. கடக்கரைப் பக்கம் உப்புக் காத்து கொண்டென்சர அரிச்சுத் தின்னுது. ஹைபிரிட்காரருக்கு இன்னொரு கூத்து, அந்தக் கரண்ட்ல ஓடுற கம்ப்ரஸருக்கு கரண்ட் கடத்தாத பிஓஇ எண்ட ஒயில்தான் போகணும், ஆரோ வழமையான பிஏஜி ஒயில ஊத்தி விட்டுருவாங்க, மறுகா உள்ளுக்க கரண்ட் கசிய வெளிக்கிடும், கம்ப்ரஸர் விலைய கேட்டா ஆளுக்கு வேர்க்கும், ஏசி போட்டும் நிக்காது.

போன அறுவடைக்கு வாவிக்கு அங்கால படுவான்கரையில இருந்து ஒரு டொயோட்டா கேடிஎச் வேன். "தம்பி, மூணு இடத்தில கேஸ் அடிச்சிட்டன், கூல் இல்ல, நீங்களும் ஒருக்கா அடிச்சுப் பாருங்க." நான் கேட்டன், ஓடக்குள்ள எப்படி அண்ணன், நிக்கக்குள்ள எப்படி? "ஓடினா பரவால்ல, சந்தியில நிண்டா வேகுது." முன் கிரில்ல கழட்டினன். வைக்கோல், பதர், உமி. ரோட்டில காயப் போட்ட நெல்லுக்கும், வெட்டு மிசின் பறத்துற தூசிக்கும் நடுவால மாசக்கணக்கா ஓடின வேன். ஒரு யூரியா பேக்ல அரைவாசி வந்துது. கழுவி, கூட இருந்த கேஸ எடுத்து, அளவா ஏத்திக் கொடுத்தன். அண்ணன் உள்ளுக்க ஏறி கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு, மறுகா இறங்கி வந்து கேக்காரு, "கேஸ எடுத்தயெண்டா, நான் உனக்குக் காசு தரணுமா நீ எனக்குத் தரணுமா தம்பி?"

காசு தந்துட்டுத்தான் போனாரு. அடுத்த கிழம அவர்ட தம்பி லொறியோட வந்து நிக்காரு, "அண்ணன்ட வேனுக்கு அடிச்ச அந்தக் கேஸ் இருக்காம், அதையே எனக்கும் அடிங்க."