ஒன்று மட்டும் தரமாட்டார்கள்

சுவிசில் கினிப்பன்றி ஒன்றைத் தனியாக வளர்ப்பது சட்டத்துக்கு விரோதம். இதை நான் தெரிந்துகொண்டது 2008 புரட்டாதியில், பேர்ண் மாநிலத்து மலைப்பக்கக் கிராமம் ஒன்றில், அகதி முகாமின் ஜேர்மன் வகுப்பில் இருந்துகொண்டு. புதிய விலங்குப் பாதுகாப்பு ஒழுங்குவிதி அந்த மாதம் முதலாம் திகதிதான் நடைமுறைக்கு வந்திருந்தது. ஆசிரியை ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து, "இன்றைக்கு இதை வாசிப்போம், சொற்கள் லேசு" என்றார். கினிப்பன்றிக்கு ஜேர்மனில் உள்ள பெயரை அப்படியே பிரித்தால் கடற்பன்றிக்குட்டி என்று வரும். பக்கத்தில் இருந்த எரித்திரியாக்காரன் "கடலில் ஏது பன்றி?" என்று கேட்க, ஆசிரியை பலகையில் வால் இல்லாத குண்டு எலி ஒன்றை வரைந்தார். சரி, எலி. அது கூட்டமாக வாழும் பிராணி, அதனால் ஆகக் குறைந்தது இரண்டாக வைத்திருக்க வேண்டும், கிளிகளுக்கும் அப்படித்தான், தனியாக வளரும் பூனை என்றால் அதற்குத் தினமும் மனிதத் துணை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு பூனைகளையாவது அது கண்ணால் காண வேண்டும், மீன்தொட்டியைக்கூட நாலு பக்கத்தாலும் பார்க்கிற மாதிரி வைக்கக் கூடாது, மீனுக்கும் ஒரு மறைவு வேண்டுமாம்.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஆசிரியைக்கு விளங்கவில்லை. நான் அங்கே வந்து பத்து மாதம், மனைவி வவுனியாவில், வன்னியில் சண்டை இறுகிக்கொண்டிருந்த காலம். என்னிடம் இருந்தது, விசாரணை முடியும்வரை குடும்பத்தைக் கூப்பிட உரிமை தராத அட்டை. "ரீச்சர், எலிக்குத் துணை வரலாம், எனக்கு வரக் கூடாதா?" என்று கேட்க வாய் வந்தது. அதைக் கேட்கிற அளவுக்கு ஜேர்மன் வரவில்லை.

அந்த நாட்களில் எனக்கு இந்த நாட்டு நாய் பூனைகளைக் கண்டாலே எரிச்சல். உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினேன், நம் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் தொடங்கிய இடம் அதுதானே. ஆட்கள் நாயோடு சாப்பிட வருவார்கள், நாய் மேசைக்குக் கீழே படுத்துக்கொள்ளும், பரிமாறுகிற பெண் மனிதருக்கு மெனு கொடுக்க முதல் நாய்க்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்பாள். ஒரு கிழவர் ஞாயிறு தோறும் வருவார், தனக்குச் சூப், நாய்க்கு உப்புப் போடாமல் அவித்த கோழி நெஞ்சு. சமையற்காரனும் அதை ஒரு முறைப்பாடும் இல்லாமல், சின்னத் துண்டுகளாக வெட்டி, ஆறவைத்துத்தான் அனுப்புவான். எனக்குச் சாப்பாடு பின்பக்கப் படியில், பத்து நிமிடம்.

ரெயினில் ஏறினால் நாய்க்கு ரிக்கற். இரண்டாம் வகுப்பு அரைக் கட்டணம், பைக்குள் அடங்குகிற சின்ன நாய் என்றால் இலவசம், நாய்க்கென்று வருடம் முழுக்கச் செல்லுபடியாகும் சீசன் ரிக்கற்றும் உண்டு. நாய்க்கு வரி கட்ட வேண்டும். நான் இந்த நாட்டில் வரி கட்டத் தொடங்க முதலே அந்த ஊர் நாய்களெல்லாம் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தன. தெருவுக்குத் தெரு பச்சைப் பெட்டி, அதிலிருந்து பையை உருவி, நல்ல மேல்கோட்டுப் போட்ட மனிதர்கள் குனிந்து நாயின் மலத்தை அள்ளுவார்கள். இதைப் போனில் சொன்னபோது அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, நீ என்ன வேலைக்குப் போயிருக்கிறாய், உண்மையைச் சொல்லு" என்றார்.

எரிச்சலுக்குள் பயமும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் நாய் என்றால் முதலில் விசர்நாய்தான் நினைவுக்கு வரும். கடித்தால் தொப்புளைச் சுற்றி ஊசி என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். இங்கே அந்தப் பேச்சே இல்லை. 1978இல் நரிகளுக்கான விசர்நோய்த் தடுப்பு மருந்தைக் கோழித்தலைக்குள் வைத்துக் காட்டில் போட்டுத் தொடங்கினார்களாம், 1999இல் நாட்டில் விசர்நோய் இல்லை என்றே அறிவித்துவிட்டார்கள். அதனால்தான் இங்கத்தைப் பிள்ளை நாயைக் கண்டால் கட்டிப்பிடிக்க ஓடுகிறது, எங்கள் பிள்ளை மதிலில் ஏறுகிறது. இது செல்லமா, சுகாதாரத் துறையின் வெற்றியா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

2010 தொடக்கத்தில் ஒரு செய்தி. சூரிச்சில் ஒரு மனிதர் தூண்டிலில் பெரிய நீண்ட மீன் ஒன்றைப் பிடித்தார், பைக் என்று சொல்லும் மீன். அதை இழுத்து எடுக்கப் பத்து நிமிடம் போராடினாராம். மீனைத் துன்புறுத்திவிட்டார் என்று வழக்கு. மீன் பக்கம் வாதாட அரசாங்க வக்கீல், அந்துவான் கோட்ஷெல் என்று பெயர். சூரிச் மாநிலத்தில் விலங்குகளுக்கென்றே 1992 முதல் அப்படி ஒரு பதவி இருந்தது. மீன்காரர் தப்பிவிட்டார். அதே வருடம் மார்ச் 7ஆம் திகதி, எல்லா மாநிலத்துக்கும் விலங்கு வக்கீல் வேண்டுமா என்று நாடு முழுக்க வாக்கெடுப்பு வைத்து, நூற்றுக்கு எழுபது பேர் வேண்டாம் என்றார்கள். சனங்களுக்கும் ஒரு எல்லை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் ஆறுதல் வந்தது. என் வழக்குக்கு வக்கீல் இல்லை. வந்த கடிதங்களைப் பக்கத்து ஊரில் இருந்த ஒரு அண்ணைதான் வாசித்துச் சொல்லுவார், அதுவும் அவருக்குப் பாதிதான் விளங்கும்.

அந்த ஆடியில் எனக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது. அடுத்த வருடம் மனைவி வந்தாள். பேர்ண் நகரத்தின் மேற்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. வந்த முதல் நாள் யன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, "இஞ்சருங்கோ, இந்த வீட்டுச் சுவரில் என்ன ஏணி? கள்ளன் ஏறமாட்டானா?" என்று கேட்டாள். ஒரு சாண் அகலப் பலகை, குறுக்குச் சட்டங்கள் அடித்து, தரையிலிருந்து வளைந்து வளைந்து பக்கத்து வீட்டு பல்கனிக்கு ஏறுகிறது. பூனை ஏணி. பேர்ணில் நடந்து திரிந்தால் இதை எத்தனையோ வீடுகளில் காணலாம், சிலது மரத்தைப் பிடித்துப் போகும், சிலது சுருள் படி. வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கித்தான் பூட்ட வேண்டும். வீட்டுக்குள் பூனையை அடைத்து வைத்தால் அதற்குச் சலிக்கும், கதவைத் திறந்துவிட ஆள் இல்லாத நேரமும் அது போய்வர வேண்டும், அதற்குத்தான் இந்தக் கூத்து.

அந்தப் பூனையின் சொந்தக்காரி எழுபது வயதுத் தனி மனுசி. பூனையைப் பூஸி என்று கூப்பிடுவார். இங்கத்தைப் பேச்சில் பூனைக்கு அதுதான் சொல், ஊரில் நாங்களும் பூஸ் பூஸ் என்றுதானே கூப்பிடுவோம், மனைவிக்கு ஜேர்மனில் முதன்முதல் விளங்கிய சொல் அதுதான். மனுசி மகளிடம் போகும்போது எங்களிடம் திறப்பைத் தந்தார், கூடவே கையால் எழுதிய மூன்று பக்கம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சாப்பாட்டை நேரே வைக்கக் கூடாது, கொஞ்சம் சூடாக்க வேண்டும். நீலக் கிண்ணத்தில் வைத்தால் சாப்பிடாது. தண்ணீர்க் கிண்ணம் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. வானொலியை நிறுத்த வேண்டாம், தனியாக இருந்தால் அவளுக்கு மனம் வாடும், ஆட்கள் கதைக்கிற நிகழ்ச்சி என்றால் இன்னும் நல்லது.

அந்தக் கடைசி வரியை மனைவிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் வந்து நாலு மாதம், நான் வேலைக்குப் போனால் இரவு பதினொரு மணிக்குத்தான் வருவேன். "அப்ப எனக்கும் ஒரு ரேடியோ வாங்கித் தாங்கோ" என்றாள். சிரிக்கவில்லை. அந்த இரண்டு கிழமையும் அவள் பூனை வீட்டில்தான் அதிகம் இருந்தாள், வானொலி கேட்டுக் கேட்டே கொஞ்சம் மொழியும் பிடித்துக்கொண்டாள்.

மனுசி திரும்பி வந்து, சொக்லேற்றும் கையுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார். ஊரில் உங்களுக்குப் பிராணி இருந்ததா என்று கேட்டார். ஜிம்மி என்று ஒரு நாய் இருந்தது என்றேன். என்ன நடந்தது என்று கேட்டார். எனக்கு அப்போது பதினைந்து வயது. 1995 ஐப்பசி 30, ஆமி நெருங்கி வர, எங்கள் பக்கம், யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க ஒரே நாளில் வெளிக்கிட்டது. அப்பா ஜிம்மியின் சங்கிலியைக் கழற்றிவிட்டார். இரண்டு நாளில் திரும்பிவிடுவோம் என்று அம்மா சட்டி நிறையச் சோறும் கருவாடும் குழைத்து வைத்தார். ஜிம்மி சோற்றைப் பார்க்காமல் எங்கள் சைக்கிளுக்குப் பின்னால் வந்தது. மழை. நாவற்குழிப் பாலத்துக்குப் போகிற ரோட்டில் அடி எடுத்து வைக்க இடமில்லாத சனம், அதற்குள் எங்கேயோ அதைத் தவறவிட்டோம். அடுத்த வருடம் வீட்டுக்குத் திரும்பினபோது சங்கிலி கிணற்றடியில் கிடந்தது. இதை எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில் சொல்லி முடித்தேன். மனுசி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவனுக்குச் சிப் போட்டிருக்கவில்லையா?" என்று கேட்டார். இங்கே ஒவ்வொரு நாய்க்கும் தோலுக்குள் இலக்கம் பதித்த சிப் கட்டாயம், தொலைந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர் கேட்டதில் பிழை இல்லை. இல்லை என்றேன்.

மகள் பிறந்து, பள்ளிக்கூடம் போய், ஒன்பது வயதில் கினிப்பன்றி வேண்டும் என்று நின்றாள். நாய் கேட்டாள், அது சரிவரவில்லை என்று இதற்கு இறங்கி வந்தாள், பிள்ளைகளின் பேரம். அதற்கு முன்பே வகுப்பு நண்பியின் நாய்ப் பிறந்தநாளுக்குப் போய், இறைச்சியில் செய்த கேக் கண்டு, நத்தார்வரை நாள் எண்ணுகிற, நாய்க்கான மார்கழி மாத நாட்காட்டியில் கதவு கதவாகத் திறந்து பிஸ்கற் கொடுத்து வந்தவள். பிராணிகள் காப்பகத்துக்குக் கூட்டிப் போனேன். நான் ஒன்றுதான் என்று நினைத்துப் போனேன், பத்திரிகைப் பாடத்தையும் மறந்துவிட்டேன். அங்கிருந்த பெண், "ஒன்று மட்டும் தரமாட்டோம்" என்றாள். பிறகு வீட்டில் எவ்வளவு இடம் என்று விசாரித்தாள். இரண்டுக்கு ஆகக் குறைந்தது அரைச் சதுர மீற்றர், அது சட்டம், அது போதாது, நீங்கள் இன்னும் பெரிதாகக் கட்டுங்கள் என்றாள். ஒளிந்துகொள்ள வீடு இருக்கிறதா, ஒன்றுக்கொன்று கோபித்தால் போக இரண்டு வாசல் இருக்கிறதா? எங்கள் வீட்டுக்கே ஒரு வாசல்தான்.

மகள் புட்டு, சம்பல் என்று பெயர் வைத்தாள். கூட்டை நான்தான் பலகை வாங்கி அடித்தேன். செல்லம் கொடுக்கக் கூடாது என்று சொன்னவனும் நான்தான். ஆனால் பாருங்கள், கினிப்பன்றியின் உடம்பு மனிதரைப் போலவே வைட்டமின் சியைத் தானாக உண்டாக்காது, அதனால் தினமும் பச்சையாக ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும். குடைமிளகாயில் சிவப்பு நல்லது என்று வாசித்தேன். பச்சை விலை குறைவு. ஒரு கிழமை பச்சை வாங்கினேன், பிறகு கடையில் கை தானாகச் சிவப்புக்குப் போயிற்று. குளிர்பெட்டிக் கதவு திறக்கிற சத்தத்துக்கு இரண்டும் சேர்ந்து விசில் அடிக்கும். கேட்டால் மனம் தாங்காது. ஒரு முறை சம்பலுக்குப் பல் நீண்டு சாப்பிட முடியாமல் போக, மிருக வைத்தியர் தேய்த்துவிட்டு இருநூறு பிராங்குக்கு மேல் பில் தந்தார். அம்மாவுக்குச் சொல்லவேண்டாம் என்று இருந்தேன், மகள் வட்ஸ்அப்பில் சொல்லிவிட்டாள். "அந்தக் காசுக்கு இஞ்சை ஒரு ஆடு வாங்கலாம். எலிக்குப் பல்லுக் கட்டுறியோ?" என்று அம்மா. பேர்ணில் ஐரோப்பாப் பிளாட்ஸ் என்கிற சதுக்கத்தில் உள்ள எங்கள் கோவிலில் இதைக் கேள்விப்பட்ட ஒருவர், பெரு நாட்டில் இதைப் பொரித்துச் சாப்பிடுவார்கள் என்று மகளுக்கு முன்னாலேயே சொல்லி, அவள் அவரோடு இன்றுவரை கதைப்பதில்லை.

பக்கத்து வீட்டு மனுசிக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது, பழைய பூஸி போய் வேறு பூஸி. போன வருடம் உயில் எழுதினார். இந்த நாட்டில் 2003 முதல் விலங்கு பொருள் இல்லை என்று சட்டம், கணவன் மனைவி பிரிந்தால்கூட எந்த இடம் பிராணிக்கு நல்லதோ அங்கேதான் நீதிபதி கொடுப்பார். பூனையின் பெயரில் சொத்து எழுத முடியாது, எழுதினால் அதைப் பராமரிக்கும் பொறுப்பு என்று எடுத்துக்கொள்வார்களாம். அந்தப் பொறுப்புக்கு என் மனைவியின் பெயரைப் போட்டிருக்கிறார். கேட்டுத்தான் போட்டார். இவளும் கிண்ணத்தின் நிறத்தைச் சரிபார்த்துக்கொண்டு சம்மதித்தாள்.

போன மாசியில் சம்பல் செத்துப் போனது. புட்டு மூலையில் போய் இருந்துவிட்டது, விசில் இல்லை. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, யாரும் முதலில் சொல்வதில்லை. ஒன்று செத்தால் மற்றதைத் தனியாக வைக்க முடியாது, இன்னொன்று வாங்க வேண்டும், பிறகு பழையது சாகும், புதியதுக்குத் துணை வேண்டும், இப்படியே போனால் நாங்கள் ஓய்வூதியம் எடுத்த பிறகும் எலி வளர்க்க வேண்டியதுதான். இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். சூரிச் பக்கம் ஒரு பெண் கினிப்பன்றியை வாடகைக்குத் தருகிறார் என்பது பழைய செய்தி, மிஞ்சியது இருக்கும்வரை துணைக்கு இருந்துவிட்டுத் திரும்பிப் போகும். நாங்கள் காப்பகத்திலேயே கேட்டு, வயதான ஒன்றை அப்படி எடுத்துவந்தோம், ஒரு கண் மங்கல்.

பெட்டியைத் திறந்து வைத்தேன், வெளியே வரவில்லை. மகள் கையை விடப் போனாள். குசினியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்து, "அதை விடு பிள்ளை, இப்பதானே வந்தது" என்றாள். வெள்ளரிக்காயை மெல்லிசாகச் சீவிக்கொண்டு வந்து பெட்டி வாசலில் வைத்தாள். பிறகு வானொலியைக் கூட்டுப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.