எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்களுக்கு எச்.ஆரில் இடம் எங்கே?

திருப்பத்தூர், வேலூர் பக்கம் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படிக்கிற பிள்ளைகள் கடைசி செமஸ்டர் வந்ததும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, எச்.ஆர். (மனிதவளம்) ஸ்பெஷலைசேஷன் எடுத்துட்டேன், எம்.பி.ஏ. முடிச்சவங்களோட போட்டி போட முடியுமா?"

முடியும், ஆனால் எங்கே போய் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சென்னையில் ஏதாவது கன்சல்டன்சியில் உட்கார்ந்து ஐ.டி. கம்பெனிக்கு ஆள் பிடிக்க நாள் முழுக்க போன் போடுகிற வேலைக்கு எந்த டிகிரியும் போதும். உங்கள் இரண்டு வருட ஃபீல்டு ஒர்க்கை அங்கே யாரும் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். ராணிப்பேட்டை சிப்காட்டிலும் ஆம்பூர் ஷூ கம்பெனிகளிலும் நிலைமை வேறு. 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் வெல்ஃபேர் ஆபீசர் (தொழிலாளர் நல அலுவலர்) இருந்தே ஆக வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-ஆம் பிரிவு சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அந்த எண்ணிக்கை 250 ஆகக் குறைந்திருக்கிறது. நடுத்தரக் கம்பெனிகளும் ஆள் தேட வேண்டி வரும் என்பதால் நமக்கு இது நல்ல செய்திதான். (தகுதியை மாநில விதிகள்தான் சொல்லும், உங்கள் பட்டம் அதில் வருகிறதா என்று முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.)

அந்த வேலையில் என்ன செய்வார்கள் என்றால், கேன்டீனையும் குழந்தைகள் காப்பகத்தையும் பார்த்துக்கொள்வது என்று புத்தகத்தில் போட்டிருக்கும். நிஜத்தில், திங்கட்கிழமை காலையில் ஸ்டிச்சிங் லைனில் பத்துப் பெண்கள் வரவில்லை என்றால் சூப்பர்வைசர் கத்துவார், நீங்கள் போய் ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும். பேர்ணாம்பட்டு பஸ் வராததாக இருக்கலாம், வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடித்ததாக இருக்கலாம், சூப்பர்வைசரின் வாயே காரணமாகவும் இருக்கலாம். கேஸ் ஒர்க் (தனி ஆளோடு பேசி அவர் பிரச்சினைக்கு வழி தேடும் முறை) படித்தவர்கள் பொறுமையாகப் பேசி விஷயத்தை வாங்குவார்கள். மற்றவர்கள் விளக்கம் கேட்டு ஷோகாஸ் நோட்டீஸ் டைப் அடிப்பார்கள். ஒரு சங்கடமும் உண்டு: சம்பளம் கொடுப்பது நிர்வாகம், நம்பி வந்து பேசுவது தொழிலாளி. இது தினமும் இருக்கும், அதைத் தாங்க முடியாதவர்கள் வேறு பக்கம் போவது நல்லது.

வேறு பக்கம் என்றால், பெரிய ஆஸ்பத்திரிகளின் எச்.ஆர்., கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) வேலைகள். பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு வேண்டும். அதில் ஊழியர் தரப்பு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும்போது முன்னுரிமை தர வேண்டியவர்களில் சமூகப்பணி அனுபவம் உள்ளவர்களையும் சட்டமே சொல்கிறது. இன்டர்வியூவில் இதை எடுத்து விடுங்கள், எம்.பி.ஏ.வில் பலருக்குத் தெரிந்திருக்காது.

நம் ஆட்கள் கவிழ்வது கணக்கில்தான். பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டி.ஏ.வும் (பஞ்சப்படி) சேர்ந்து மாதம் 14,000, வேறு அலவன்ஸ் இல்லை, கையில் எவ்வளவு வரும் என்று கேட்டால் முழிப்பார்கள். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம் 1,680, ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) 0.75 சதவீதம் 105, மீதி 12,215. இவ்வளவுதான் விஷயம். ஈ.எஸ்.ஐ.யில் கம்பெனி பங்கு 3.25 சதவீதம் என்பதையும் சேர்த்து மனப்பாடம் பண்ணிவிடுங்கள். கூடவே எக்செல்.

பிளாக் பிளேஸ்மெண்டில் (கம்பெனியிலேயே தொடர்ச்சியாக இருந்து எடுக்கும் பயிற்சி) உங்களை ரெக்ரூட்மென்ட் பக்கம் உட்கார வைத்தால், ஒரு வாரமாவது டைம் ஆபீசில் போடச் சொல்லிக் கேளுங்கள். வருகைப்பதிவு, ஓவர்டைம், கான்ட்ராக்டர் பில், சண்டை எல்லாம் அந்த வழியாகத்தான் போகும். யூனியன் இருக்கிற கம்பெனியாக இருந்தால் பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் 12(3), 18(1) பிரிவுகளில் போட்ட செட்டில்மென்ட் (நிர்வாகமும் தொழிலாளர் தரப்பும் செய்த ஒப்பந்தம்) காப்பிகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், எந்த நோட்ஸிலும் கிடைக்காத சங்கதி அதில் இருக்கும். அப்புறம், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வேலை பார்ப்பதாக இருந்தால் உருதுவோ இந்தியோ கொஞ்சம் பேச வந்தால்கூட பயோடேட்டாவில் மேலேயே போடுங்கள்.