பார்க்கக் கூடாத நேரங்கள்

வானத்தைப் பார்ப்பதற்கென்றே அனுப்பப்பட்ட ஒரு தொலைநோக்கியை இயக்குபவர்களின் வேலையில் பெரும்பகுதி, அது எப்போது, எந்தத் திசையில் பார்க்கக் கூடாது என்று கணக்கிடுவதிலேயே கழிகிறது. இந்தியாவின் வானியல் துணைக்கோளான ஆஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கிக்கான கோரிக்கைகளைச் சரிபார்ப்பதும், அது அனுப்பும் தரவுகளின் தரத்தைப் பார்ப்பதும்தான் என் பணி. கண்டுபிடிப்புகளைப் பற்றி எழுதுபவர்கள் பலர் இருக்கிறார்கள். அவற்றுக்கு முந்தைய இந்தக் கணக்குகளைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்படவில்லை என்பதால், எனக்குத் தெரிந்த அளவில் எழுதிவைக்க விரும்புகிறேன்.

ஆஸ்ட்ரோசாட் 2015 செப்டம்பர் 28 அன்று காலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி சி-30 ராக்கெட்டில் ஏவப்பட்டது. ஏறத்தாழ 650 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு வெறும் 6 பாகை சாய்ந்த பாதையில், சுமார் 98 நிமிடங்களுக்கு ஒருமுறை அது பூமியைச் சுற்றிவருகிறது. அதில் ஐந்து கருவிகள் உள்ளன. புற ஊதாத் தொலைநோக்கியும், மூன்று விதமான எக்ஸ் கதிர்க் கருவிகளும் ஒரே திசையை நோக்கிப் பொருத்தப்பட்டவை. ஐந்தாவது கருவி தனியே சுழன்று, வானில் புதிதாக ஏதேனும் பிரகாசமடைகிறதா என்று கண்காணிப்பது. துணைக்கோளுக்குக் கட்டளைகள் செல்வது பெங்களூரிலிருந்து மட்டுமே. ஆனால் கோரிக்கைகளை ஆராய்வதும் தரவுகளைச் சோதிப்பதும் கணினியும் இணைப்பும் இருக்கும் இடத்திலிருந்து செய்யக்கூடிய வேலைகள். 2020-இன் ஊரடங்கில் தண்டையார்பேட்டை வீட்டுக்குத் திரும்பியவள், பிறகு பெரும்பாலும் இங்கிருந்தே அவற்றைச் செய்துவருகிறேன். எங்கள் பதிவேடுகள் எல்லாம் உலக நேரத்தில் இருப்பதால், எனக்கு நாள் மாறுவது நள்ளிரவில் அல்ல, காலை 5.30 மணிக்கு.

வடசென்னைக்காரர்களுக்கு ராக்கெட் புதிதல்ல. ஏவுதல் நாளில் மொட்டை மாடியில் ஏறி வடக்கே பார்த்து நிற்பது இங்கே பல தெருக்களில் உள்ள வழக்கம். ஆனால் இங்கிருந்து வடக்கே பார்த்து வழியனுப்பிய அந்தத் துணைக்கோள் ஒருநாளும் நம் தலைக்கு மேல் வருவதில்லை. 6 பாகைச் சாய்வு என்றால் அது கன்னியாகுமரிக்கும் தெற்கே கடல் மேலேயே கடந்துவிடும். இந்தச் சாய்வு எதேச்சையானதல்ல. தென் அமெரிக்காவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடைப்பட்ட தென் அட்லாண்டிக் பகுதியின் மேல், பூமியின் காந்தப்புலம் வலுவிழந்திருப்பதால், மின்னேற்றத் துகள்கள் தாழ இறங்கி அடர்ந்திருக்கின்றன. நிலநடுக்கோட்டை ஒட்டிப் பறந்தால் அந்தப் பகுதியின் ஓரத்தை மட்டும் தொட்டுச் செல்லலாம். அந்த ஓரத்தைக் கடக்கும் நிமிடங்களில்கூட உணரிகளின் உயர் மின்னழுத்தத்தைத் தாழ்த்தி வைக்கிறோம். முதல் தடை அதுதான்.

அடுத்த தடைகளைச் சொல்கிறேன். சூரியனிலிருந்து 45 பாகைக்குள் இருக்கும் எதையும் புற ஊதாத் தொலைநோக்கி பார்க்கக் கூடாது. அந்த உயரத்திலிருந்து பூமியே வானத்தின் ஏறத்தாழ 30 சதவீதத்தை மறைத்துக்கொண்டிருக்கிறது. அதன் ஒளிரும் விளிம்புக்கு அருகிலும் போகக் கூடாது. இன்னொரு தடை, நான் வேலையில் சேரும்வரை கேள்விப்பட்டிராதது. துணைக்கோள் நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. அங்கே காற்று இல்லை என்றே நாம் நினைக்கிறோம், ஆனால் தனித்தனி ஆக்சிஜன் அணுக்கள் மிக அருகலாக இருக்கின்றன. கருவியின் வாய் பறக்கும் திசையையே நோக்கியிருந்தால் அந்த அணுக்கள் அதே வேகத்தில் வந்து கண்ணாடிப் பூச்சின் மேல் மோதி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். ஆகவே பறக்கும் திசைக்கு 12 பாகைக்கு நெருக்கமாக எதையும் நோக்குவதில்லை. ஒரு சுற்றில் இந்தத் திசை வானம் முழுவதும் ஒரு வட்டமடித்துவிடுவதால், நேற்று நல்ல இலக்காக இருந்தது இன்று சில நிமிடங்களுக்கு ஆகாததாகிவிடும்.

எல்லாவற்றையும்விட என் நேரத்தை அதிகம் எடுத்துக்கொள்வது பிரகாசமான விண்மீன்கள். புற ஊதா உணரி ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக எண்ணும் வகையைச் சேர்ந்தது. ஓர் ஒளித்துகள் விழுந்தால் அதைப் பல மடங்கு பெருக்கி ஒரு சிறு ஒளிப்பொட்டாக்கி, நொடிக்கு ஏறத்தாழ 29 படங்கள் எடுக்கும் ஒரு சில்லு அதைப் பதிவு செய்கிறது. அத்தனை நுண்ணுணர்வுள்ள கருவியின் முன் ஒரு சூடான, பிரகாசமான விண்மீன் வந்தால் உணரி நிரந்தரமாகச் சேதமடையலாம். அப்படி ஏதாவது பார்வைக்குள் வந்தால் மின்னழுத்தத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் பாதுகாப்பு துணைக்கோளிலேயே இருக்கிறது. இருந்தாலும், அது செயல்பட வேண்டிய நிலை வரக் கூடாது என்பதே எங்கள் எண்ணம். தொலைநோக்கியின் பார்வைப் பரப்பு 28 கோண நிமிடம், அதாவது முழு நிலவின் அளவுக்குச் சற்றே குறைவு. ஆராய்ச்சியாளர் கேட்பது அந்தப் பரப்பின் நடுவில் உள்ள மங்கலான ஒரு விண்மீன் திரளாக இருக்கும். பரப்பின் ஓரத்திலோ, அதற்குச் சற்று வெளியிலோ, அவர் ஆய்வுக்குத் தொடர்பே இல்லாத ஒரு நீல விண்மீன் இருக்கும். வெவ்வேறு வடிகட்டிகளில் அந்த விண்மீன் நொடிக்கு எத்தனை ஒளித்துகள்களைத் தரும் என்று கணக்கிட்டு, வேறு வடிகட்டியைப் பரிந்துரைப்பதா, நோக்கும் மையத்தைச் சில கோண நிமிடங்கள் நகர்த்துவதா, முடியாது என்று எழுதுவதா என்று முடிவு செய்ய வேண்டும். முடியாது என்று எழுதும் கடிதத்தில் காரணத்தை எண்களோடு முழுமையாகச் சொல்ல வேண்டும் என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி. அந்தப் பக்கம் இருப்பவர் பெரும்பாலும் ஒரு முனைவர் பட்ட மாணவர். அந்தப் பதில் அவருடைய ஒரு வருடத்தின் திசையை மாற்றக்கூடியது.

என் அப்பா சென்னைத் துறைமுகத்தில் எந்தக் கப்பல் எந்தத் தளத்தில் எப்போது கட்டப்படும் என்ற பட்டியலோடு வேலை பார்த்தவர். கப்பலின் மிதப்பாழம், கடலின் ஓதம், பைலட், கிரேன் எல்லாம் ஒன்றாகக் கூடிவரும் நேரத்துக்காக வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்களைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் பேசக் கேட்டு வளர்ந்தவள் என்பதால், எங்கள் நோக்கு அட்டவணை எனக்கு முதல் நாளிலேயே அந்நியமாகத் தோன்றவில்லை. அட்டவணை எப்படி உருவாகிறது என்று ஒருமுறை அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, பாதியிலேயே நிறுத்தி, "நடுவுல அவசரமா ஒண்ணு வந்தா என்னம்மா பண்ணுவீங்க?" என்று கேட்டார். இந்த வேலையின் கடினமான கேள்வி அதுதான்.

அவசரங்கள் வரத்தான் செய்கின்றன. 2018 மார்ச்சில் மாக்சி ஜே1820+070 என்று இன்று அழைக்கப்படும், ஒரு கருந்துளையும் ஒரு விண்மீனும் சேர்ந்த இணை திடீரென்று எக்ஸ் கதிரில் கொழுந்துவிட்டெரிந்தபோது, உலகின் தொலைநோக்கிகள் பலவும் அதன் பக்கம் திரும்பின, ஆஸ்ட்ரோசாட்டும் திரும்பியது. இத்தகைய கோரிக்கைகளுக்குத் தனி வழி உண்டு, தனிக் குழு உண்டு. ஆனால் புதிதாக ஒன்றை உள்ளே நுழைக்கும்போது வேறொன்றை வெளியே எடுத்தாக வேண்டும். வெளியே எடுக்கப்படுவது அடுத்த வாரமும் கிடைக்கக்கூடிய இலக்கா, அல்லது சூரியனின் தடை வளையத்துக்குள் சில நாட்களில் நுழைந்து பல மாதங்களுக்குக் கிடைக்காமல் போகப்போவதா என்பதைப் பார்க்க வேண்டும். எரியும் கருந்துளைக்காகக் குரல் கொடுக்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அமைதியாகக் காத்திருக்கும் ஒரு சாதாரண விண்மீன் கூட்டத்துக்காகப் பேசுவதற்கு, முடிவெடுக்கும் ஆலோசனையில் அட்டவணைக்காரர்கள் மட்டுமே இருப்பார்கள், அவர்கள் பேச வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

புற ஊதாத் தொலைநோக்கியைத் துணைக்கோள் பூமியின் நிழலில் இருக்கும்போது மட்டுமே இயக்குகிறோம். 98 நிமிடச் சுற்றில் நிழலின் பங்கு மூன்றில் ஒன்று போல. அதிலும் மேலே சொன்ன தடைகளைக் கழித்தால், ஒரு சுற்றில் கிடைக்கும் தொடர் நோக்கு அரை மணி நேரத்தைத் தாண்டுவது அரிது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு பெரிய முடிவைப் பார்க்கலாம். ஏறத்தாழ 930 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஏயுடிஎஃப்எஸ்01 என்ற விண்மீன் திரளிலிருந்து அதீதப் புற ஊதாக் கதிர் வருவதை, புனேவில் உள்ள வானியல் ஆய்வு மையமான ஐயூகாவின் கனக் சாகா தலைமையிலான குழு 2020-இல் அறிவித்தது. அதற்கான நோக்கு 2016 அக்டோபரில் நடந்தது. மொத்தம் 28 மணி நேரத்துக்கும் மேல். செய்தியில் அது ஒரு சொற்றொடர்தான். அரை மணி நேரத் துண்டுகளாகவே கணக்கிட்டாலும் அதற்கு ஐம்பதுக்கு மேற்பட்ட சுற்றுகள் வேண்டும். உண்மையில் துண்டுகள் அதைவிடச் சிறியவை. ஒவ்வொரு துண்டிலும் அதே இடத்தை மீண்டும் நோக்கி, ஒவ்வொரு துண்டையும் தனியே சீர்செய்து, பிறகே ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள்.

அந்தச் சீர்செய்தல்தான் என் காலை நேரங்களின் வேலை. துணைக்கோள் ஒரே திசையை நோக்கி நிற்பதாகச் சொல்கிறோம், ஆனால் அது எப்போதும் மெல்ல அசைந்துகொண்டே இருக்கிறது. இந்தத் தொலைநோக்கி ஒன்றரைக் கோண வினாடி அளவுக்குக் கூர்மையான படத்தைத் தர வல்லது. அசைவைத் திருத்தாவிட்டால் ஒவ்வொரு விண்மீனும் ஒரு கோடாக இழுபட்டுவிடும். இதற்காகவே கட்புலனாகும் ஒளியைப் பார்க்கும் ஒரு தடம் கருவியில் உள்ளது. அது எடுக்கும் படங்களில் சில விண்மீன்களின் நகர்வைக் கண்டறிந்து, அந்த நகர்வை ஒவ்வொரு ஒளித்துகளின் இடத்திலிருந்தும் கழித்து, படத்தை மீண்டும் கட்டுகிறோம். நேரப் பதிவில் இடைவெளிகள் உள்ளனவா, துணைக்கோளிலிருந்து அடுத்தடுத்து இறக்கிய இரண்டு தொகுப்புகளில் ஒரே தரவு இருமுறை வந்திருக்கிறதா, அசைவுக் கோடு நடுவில் குதிக்கிறதா, விண்மீன்களின் வடிவம் வட்டமாக இருக்கிறதா என்று வரிசையாகப் பார்ப்பேன். பெரும்பாலான நாட்களில் எல்லாம் சரியாகவே இருக்கும். அத்தகைய நாட்களின் குறிப்புகளையும் விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் ஐந்து ஆண்டுகள் கழித்து ஒரு சிறு மாற்றத்தின் தொடக்கத்தைத் தேடுபவருக்கு அவைதான் தேவைப்படும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் மின்சாரம் இல்லாத நாட்களில், வேறு ஊரில் இருந்த சக ஊழியர் என் பங்கையும் பார்த்துக்கொண்டார். அவருடைய குறிப்புகள் என்னுடையவற்றைவிடத் தெளிவாக இருந்தன, அன்றுமுதல் அவர் எழுதும் முறையையே நானும் பின்பற்றுகிறேன்.

ஆஸ்ட்ரோசாட்டின் திட்டமிட்ட ஆயுள் ஐந்து ஆண்டுகள். அது பத்து ஆண்டுகளைக் கடந்துவிட்டது. இந்தக் காலத்தில் இழப்புகளும் உண்டு. புற ஊதாத் தொலைநோக்கியின் இரண்டு புற ஊதாத் தடங்களில் ஒன்று 2018-இல் செயலிழந்தது. பெரிய எக்ஸ் கதிர் எண்ணிகள் மூன்றில் ஒன்றில் வாயுக் கசிவு ஏற்பட்டது. மேலே சென்று பழுதுபார்க்க இயலாது. எஞ்சியிருக்கும் தூரப் புற ஊதாத் தடத்தைக் கொண்டே எந்தக் கேள்விகளைக் கேட்க முடியும் என்று கோரிக்கைகளை மாற்றி எழுத வேண்டியிருந்தது. அந்தத் தடத்தின் வடிகட்டிகளை இன்று ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தும் விதத்தில் முன்பு இல்லாத நுட்பம் வந்திருப்பதை நான் பார்க்கிறேன். இருந்தாலும் இழந்த தடத்தின் பழைய படங்களைத் திறக்கும்போது வருத்தம் வருகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

பார்க்காததும் ஒரு செய்திதான் என்பதற்கு இந்தத் துணைக்கோளிலேயே ஓர் எடுத்துக்காட்டு உள்ளது. 2017 ஜனவரி 4 அன்று இரண்டு கருந்துளைகளின் இணைவிலிருந்து வந்த ஈர்ப்பலை பதிவானது. அதைத் தொடர்ந்து வானில் மங்கிக்கொண்டிருந்த ஓர் ஒளியை அட்லஸ் தொலைநோக்கி கண்டபோது, இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. ஆஸ்ட்ரோசாட்டின் காட்மியம் துத்தநாக டெல்லூரைடு கருவி, ஈர்ப்பலை வந்த நேரத்தில் எதையும் காணவில்லை. ஆனால் ஏறத்தாழ ஒரு நாள் கழித்து ஒரு காமா கதிர் வெடிப்பைப் பதிவு செய்திருந்தது. அந்த ஒளி இந்த வெடிப்பின் எச்சமே, ஈர்ப்பலையோடு தொடர்பற்றது என்று அதைக் கொண்டு நிறுவினார்கள். கருவி விழித்திருந்தது, சரியான நேரப் பதிவு இருந்தது, ஆயினும் எதையும் காணவில்லை என்ற மூன்றும் உறுதியாகத் தெரிந்ததால்தான் அந்த வாதம் நின்றது.

2018 செப்டம்பரில் ஆஸ்ட்ரோசாட்டின் தரவுக் காப்பகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கோரிக்கை வைத்தவருக்கு உரிய காலம் முடிந்த தரவுகளை யார் வேண்டுமானாலும் பதிவு செய்து இறக்கிக்கொள்ளலாம். திருவொற்றியூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் இயற்பியல் படிக்கும் சில மாணவர்களோடு அமர்ந்து அந்தத் தரவுகளைத் திறந்து பார்க்கிறோம். அழகான படங்களை முதலில் காட்டுவதில்லை; என்ஜிசி 188 என்ற விண்மீன் கூட்டத்தில் தொடங்குகிறோம். தொலைநோக்கியின் கதவு திறந்தபின் 2015 நவம்பர் 30 அன்று முதன்முதலாக நோக்கப்பட்டது அதுதான். வான வடதுருவத்துக்கு அருகில் இருப்பதால் சூரியனின் தடை அதற்கு ஆண்டின் எந்த மாதத்திலும் குறுக்கிடுவதில்லை.

வியாசர்பாடியிலிருந்து வரும் ஒரு மாணவி, படத்தை விட்டுவிட்டு நேரப் பட்டியலைப் பிடித்துக்கொண்டாள். "இவ்ளோ ஓட்டை இருக்கே அக்கா, அப்போல்லாம் அது சும்மாவா இருந்துச்சு?" என்று கேட்டாள். சுற்றுப்பாதைக் கோப்பை அவளிடம் கொடுத்து, நிழலுக்குள் நுழையும் நேரத்தையும் தென் அட்லாண்டிக்கைக் கடக்கும் நேரத்தையும் அவளையே கணக்கிடச் சொன்னேன். ஒரு நாளின் இடைவெளிகளில் இரண்டைத் தவிர மற்ற அனைத்துக்கும் காரணம் எழுதிக் கொண்டுவந்திருக்கிறாள். அந்த இரண்டும் தரவு இறக்கத்தில் விடுபட்டவையா, அல்லது நோக்கே தாமதமாகத் தொடங்கியதா என்று வரும் ஞாயிறு பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.